தெளிவும் மண்டியும்: வீட்டில் எல்லாருக்கும் ஒரே மிளகு ரசம்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் காவிரிப் பாசன ஊர்களில் பகல் பன்னிரண்டு மணிக்கே விளக்கைப் போட வேண்டியிருக்கும். கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் காயாது. தாத்தாவுக்கு இருமல், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு மூக்கடைப்பு, இடுப்பில் இருக்கும் குழந்தைக்குக் காரணம் தெரியாத சிணுங்கல். அன்றைக்கு அடுப்பில் ஏற வேண்டியது மிளகு ரசம் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு ரசம், காரம் தாங்காத பிள்ளைக்குத் தனியாக ஒரு பருப்பு, கைக்குழந்தைக்கு இன்னொரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ ஒன்று என்று, ஈரக் கையும் தூக்கமில்லாத கண்ணுமாக ஒருத்தியே மூன்று சமையல் செய்கிறாள்.

அது தேவையில்லை. ரசம் எடுத்த எடுப்பில் ரசமாகிவிடுவதில்லை. பருப்பும் காயும் குழைந்து நிற்கும்போது அது ஆறு மாதக் குழந்தையின் சாப்பாடு. அதில் வெந்த பூண்டும் வறுத்த சீரகமும் சேர்ந்தால் தவழும் பிள்ளையின் சாப்பாடு. புளியும் பாதி உப்பும் சேர்ந்து நுரைத்து வரும்போது நடக்கிற பிள்ளைக்கு ஆகும். மிச்ச உப்பும் மிளகும் தாளிப்பும் விழுந்த பிறகுதான் அது பெரியவர்களின் மிளகு ரசம். எது எப்போது பாத்திரத்தில் விழுகிறது, அதற்கு முன்னால் யார் கிண்ணத்துக்குக் கரண்டி போகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும். ஒரே உலையில் நான்கு வயதுக்கும் சமைத்துவிடலாம்.

பருப்புத் தண்ணி என்ற பழக்கம்

சமையலுக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மூத்தவனுக்கு ஆறு மாதம் முடிந்ததும், எங்கள் வீட்டு வழக்கப்படி, பருப்பு வேகும்போது மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை வடித்துக் கொடுத்தேன். லேசான மஞ்சள் நிறம், நெய் வாசனை, குழந்தையும் ஆசையாகக் குடித்தான். இரண்டு மாதம் அப்படியே போயிற்று. அங்கன்வாடியில் எடை போட்டபோது வளர்ச்சி அட்டையில் கோடு மேலே ஏறாமல் படுத்துக் கிடந்தது. "என்னதான் குடுக்குறீங்க?" என்று செவிலியர் கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தண்ணிய நீங்க குடிங்கம்மா, பருப்ப பிள்ளைக்குக் குடுங்க" என்றார். பிறகு தன் டிபன் பாக்ஸைத் திறந்து, குழைந்த பருப்பு சாதத்தை ஒரு ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துக் காட்டினார். வழியாமல் நின்றது. "இந்தப் பதம். இதுக்குக் கீழ போனா வயிறு ரொம்பும், உடம்பு ஏறாது."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தைக்கு முகம் வாடிவிட்டது. "நாலு பிள்ளைங்கள அப்படித்தான்ம்மா வளத்தேன்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த நாலு பிள்ளைகளுக்கும் தண்ணீருக்குப் பின்னாலேயே பிசைந்த சாதமும் வாழைப்பழமும் கேழ்வரகுக் கூழும் போயிருக்கின்றன. நான் தண்ணீரோடு நின்றுவிட்டேன்.

குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 மில்லி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஏழு கிலோக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 200 மில்லிக்குச் சற்று மேல்தான் கொள்ளும். அந்த இடத்தைத் தெளிந்த நீரால் நிரப்பினால் பருப்புக்கும் இடமில்லை, தாய்ப்பாலுக்கும் இடமில்லை. ரசத்தில் மேலே நிற்பதைத் தெளிவு என்கிறோம், அடியில் தங்குவதை மண்டி என்கிறோம். பெரியவர்கள் தெளிவைக் குடிக்கலாம். பிள்ளைக்கு வேண்டியது மண்டி.

யாருக்கு எப்போது

ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு இந்த அத்தியாயத்தில் எதுவும் இல்லை. ரசமும் இல்லை, பருப்பும் இல்லை, வெந்நீரும் இல்லை, தாய்ப்பால் மட்டும். சுக்கு, வசம்பு, ஜாதிக்காய் உரைத்துச் சங்கில் புகட்டும் உரை மருந்தையும் அந்த வயதில் தவிர்க்கச் சொல்வேன். பாட்டிமாரின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் உரைக்கும் கல்லிலும் கையிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமி அந்தப் பிஞ்சு வயிற்றுக்கு அதிகம்.

ஆறு மாதம் முடிந்ததும் இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கலாம். எட்டு மாதத்துக்குள் 250 மில்லிக் கிண்ணத்தில் பாதி வரை மெல்லக் கூட்ட வேண்டும். நாளுக்கு இரண்டு மூன்று வேளை, தாய்ப்பால் வழக்கம்போல. ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயது வரை வேளைக்கு அரைக் கிண்ணம், நாளுக்கு மூன்று நான்கு வேளை. ஒரு வயதுக்குப் பிறகு முக்கால் கிண்ணம் முதல் முழுக் கிண்ணம். இவை உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுகள். குழந்தை வாயை மூடித் தலையைத் திருப்பிக்கொண்டால் அந்த வேளை அதோடு முடிந்தது, கரண்டியைத் திணிக்க வேண்டாம்.

ஒரு வயது வரை குழந்தையின் பங்கில் உப்பு வேண்டாம். தாய்ப்பாலிலும் காயிலும் பருப்பிலும் அதற்கு வேண்டிய சோடியம் கிடைத்துவிடுகிறது. "உப்பில்லாம எப்படிச் சாப்பிடும்?" என்று வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். உப்பு இல்லாததை உணர்வது நம் நாக்கு. குழந்தைக்கு அந்தப் பழக்கமே இன்னும் வரவில்லை. இருமலுக்குத் தேன் நக்கவைப்பதும் ஒரு வயது வரை கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைப் பாக்டீரியாவின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும்.

காரமும் வாசனையும் ஒன்றல்ல

கைக்குழந்தைக்கு மசாலா ஆகாது என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒதுக்கிவிடுகிறோம். சீரகமும் கொத்தமல்லியும் பூண்டும் வாசனைப் பொருள்கள். மிளகாயும் மிளகும் எரிப்பவை. எரிச்சல் ஒரு சுவையே அல்ல. மிளகாயிலுள்ள கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தொட்டு எழுப்புகிறது. அந்த ஏற்பியை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகின் பைப்பரினும் அதே இடத்தைத்தான் தொடுகிறது. ரசம் குடித்தால் உடம்பு கணகணவென்று ஆவது இதனால்தான். நமக்கு அது இதம். இன்னும் பேசத் தெரியாத பிள்ளைக்கு அது நாக்கில் சூடு பட்டது போல.

வாசனைக்கு அந்தத் தடை இல்லை. தாய் சாப்பிடும் பூண்டின் மணம் பாலில் வருகிறது என்பதையும், அந்த வேளையில் குழந்தைகள் கூடுதல் நேரம் மார்பில் குடித்தார்கள் என்பதையும் பிலடெல்பியாவில் ஜூலி மென்னெல்லாவும் கேரி போஷாம்பும் 1991இல் எழுதினார்கள். பத்தியச் சாப்பாட்டில் பூண்டு ரசமும் கண்டந்திப்பிலி ரசமும் சாப்பிட்டுப் பாலூட்டிய தாயின் பிள்ளைக்கு இந்த வாசனைகள் புதிதல்ல. அதன் கிண்ணத்தில் சீரகப் பொடி தூவும்போது ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத்தான் மறுபடி காட்டுகிறோம்.

மிளகாய் நம் சமையலுக்கு வந்து சில நூற்றாண்டுகள்தான் ஆகின்றன. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது. அதற்கு முன் உறைப்புக்கு மிளகுதான், அதனால்தான் புதிதாக வந்த காய் மிளகாய் ஆயிற்று. வெள்ளைக்காரர்கள் இங்கே குடித்துப் பழகித் தங்கள் ஊருக்கு முல்லிகட்டானி என்று கொண்டுபோன சூப்பும் நம் மிளகுத்தண்ணிதான். போன இடத்தில் அதில் இறைச்சியும் ஆப்பிளும் சேர்ந்து ஆளே அடையாளம் தெரியாமல் போனது வேறு கதை.

வாங்கும்போது

கைக்குழந்தை சாப்பிடப் போகிறது என்பதால் மஞ்சளில் கவனமாக இருங்கள். நிறம் எடுப்பாகத் தெரிவதற்காக மஞ்சளில் ஈயக் குரோமேட் கலப்பதை வங்கதேசத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளிப்படுத்தினார்கள். பிறகு இந்தியாவில் பாட்னாவில் வாங்கிய மஞ்சளிலும் ஈயம் மிக அதிகமாக இருப்பது தெரிந்தது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. எனவே கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உதிரியாக விற்கும் தூளைத் தொடாதீர்கள். நம்பிக்கையான இடத்தில் மேல்தோல் மங்கலாக இருக்கும் விரலி மஞ்சளாக வாங்கிக் கழுவிக் காயவைத்து அரைத்துக்கொள்ளலாம்.

மிளகில் பப்பாளி விதை கலப்பது பழைய திருட்டு. ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் மிளகு அடியில் போகும், பப்பாளி விதை மிதக்கும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை இன்னும் பழக்காத குழந்தைக்கு அது தெரியாமல் உள்ளே போய்விடும், ஆகவே பெருங்காயம் பெரியவர்களின் தாளிப்போடு நிற்கட்டும்.

ஈயச்சொம்பில் வைத்த ரசத்தின் ருசியே தனி என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். நானும் அந்த ருசியில் வளர்ந்தவள். ஆனால் அந்தச் சொம்பு வெள்ளீயத்தில் செய்யப்பட வேண்டியது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது என்று பாட்டிகள் கத்துவார்கள். அதில் காரீயம் கலந்திருந்தால் புளியும் தக்காளியும் அதைக் கரைத்து ரசத்தில் இறக்கும். கலப்படமற்றது என்று உறுதியாகத் தெரியாத சொம்பில், சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில், சமைக்க வேண்டாம். எவர்சில்வரும் மண்சட்டியும் போதும்.

அளவு

பெரியவர்கள் நால்வர், நடக்கிற பிள்ளை ஒன்று, கைக்குழந்தை ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன். துவரம்பருப்பு 120 கிராம். குழந்தைக்கு முதல் மாதம்தான் நடக்கிறது என்றால் துவரைக்குப் பதில் பாசிப்பருப்பு, சீக்கிரம் குழையும், வயிற்றுக்கும் லேசு. பரங்கிக்காய் 150 கிராம், தோலும் விதையும் நீக்கியது. நாட்டுத் தக்காளி மூன்று. பூண்டு எட்டுப் பல். மஞ்சள்தூள் கால் டீஸ்பூன். சீரகம் இரண்டு டீஸ்பூன், கொத்தமல்லி விதை ஒரு டீஸ்பூன், மிளகு ஒன்றரை டீஸ்பூன். புளி சிறு நெல்லிக்காய் அளவு. உப்பு ஒன்றேகால் டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். பெரியவர் ஒருவருக்கு நாள் முழுதுக்குமே 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், ரசத்தோடு அப்பளமும் ஊறுகாயும் வரும் என்பதை மறந்துவிடக் கூடாது. தாளிக்க நெய் ஒரு மேசைக்கரண்டி, கடுகு, காய்ந்த மிளகாய் இரண்டு, பெருங்காயம், கறிவேப்பிலை. மேலே தூவக் கொத்தமல்லித் தழை.

ரசத்தில் பரங்கிக்காயா என்று முகம் சுளிக்க வேண்டாம். பெரும்பகுதி பிள்ளைகளின் கிண்ணத்துக்குப் போய்விடும். மிச்சம் கரைந்து ரசத்துக்கு ஒரு உடம்பு கொடுக்கும், இனிப்பு தெரியாது.

செய்முறை

பருப்பைக் கழுவி அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குக்கரில் பருப்பு, பரங்கித் துண்டுகள், தோலுரித்த பூண்டில் நான்கு பல், மஞ்சள்தூள், இரண்டு சொட்டு நெய், 450 மில்லி தண்ணீர். உப்பு போடாதீர்கள். கை பழக்கத்தில் போட்டுவிடும், அதனால் குழந்தை இருக்கும் வரை உப்பு ஜாடியை அடுப்பை விட்டுத் தள்ளி வைப்பது என் வழக்கம். ஒரு தக்காளியை முழுசாக மேலே வையுங்கள். ஐந்து விசில், பிறகு ஆவி தானாக அடங்கட்டும். விரலால் நசுக்கினால் பருப்பு இருந்த இடம் தெரியக் கூடாது.

அது வேகும் நேரத்தில் சீரகத்தையும் கொத்தமல்லி விதையையும் வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து இடியுங்கள். உரலிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் சீரகமும் மல்லியும், நைசாக. அதை ஒரு கிண்ணத்தில் வழித்து வைத்துவிட்டு, அதே உரலில் மிளகையும் மிச்சம் நான்கு பல் பூண்டையும் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். மிளகை முதலில் இடித்துவிட்டால் அந்தக் காரம் உரலில் ஒட்டிக்கொண்டு சீரகத்தோடு குழந்தையின் கிண்ணம் வரை வந்துவிடும். மிக்ஸி என்றாலும் இதே வரிசைதான்.

குக்கரைத் திறந்ததும் எதையும் கலக்காமல் முதல் பங்கை எடுங்கள். மேலே நிற்கும் நீரைச் சாய்த்து ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து பருப்பும் பரங்கியுமாக. ஆறேழு மாதக் குழந்தைக்கு இதைக் குழைந்த சாதத்தோடு சேர்த்துக் கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து, அரை டீஸ்பூன் நெய் விடுங்கள். நெய் ருசிக்கு மட்டும் அல்ல. சின்ன வயிற்றுக்குள் அதிகச் சத்தை அடக்க அதைவிட எளிய வழி இல்லை. மிக்ஸியில் அடித்துப் பசையாக்க வேண்டாம், நாக்கு உருட்டிப் பழக வேண்டும். ஸ்பூனைச் சாய்த்துப் பாருங்கள். வழிந்தால் இன்னும் கொஞ்சம் பருப்பு. புதிதாக ஒரு பொருளைக் கொடுத்தால் மூன்று நாள் வேறு புதியது எதுவும் சேர்க்காமல் பாருங்கள். தடிப்போ வாந்தியோ வந்தால் எதனால் என்று தெரியும்.

ஒன்பது மாதம் ஆகிவிட்ட பிள்ளைக்கு அதே பருப்பு, பரங்கியோடு வெந்த பூண்டில் ஒன்றை நசுக்கி, வெந்த தக்காளியின் தோலை உரித்துச் சதையை மட்டும் சேர்த்து, சீரக மல்லிப் பொடியில் ஒரு சிட்டிகை. மசிப்பது இனி கரகரப்பாக இருக்கலாம், சிறு கட்டிகள் நல்லது. சூடு ஆறியதும் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவேன். பருப்பிலுள்ள இரும்பை உடல் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை, எலுமிச்சையிலும் தக்காளியிலும் உள்ள வைட்டமின் சி அதற்குக் கைகொடுக்கும். அப்படியும் ஆறு மாதத்துக்கு மேல் ஒரு பிள்ளையின் இரும்புத் தேவையைப் பருப்பு மட்டும் தீர்க்காது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மருந்தை, வாரம் இரண்டு முறை 1 மில்லி, விட்டுவிடாதீர்கள்.

இப்போது ரசம். புளியைக் கரைத்து வடிகட்டி, மிச்சம் இரண்டு தக்காளியைக் கையால் பிசைந்துவிட்டு, 700 மில்லி தண்ணீரோடு அடுப்பில் ஏற்றுங்கள். உப்பில் பாதி மட்டும் இப்போது. பச்சை வாசனை போகும்வரை, ஏழெட்டு நிமிடம், நன்றாகக் கொதிக்கட்டும். பிறகு குக்கரில் மிச்சமிருக்கும் பருப்பை அதன் நீரோடு கடைந்து ஊற்றி, சீரக மல்லிப் பொடியைப் போட்டுத் தீயைக் குறையுங்கள். இனிமேல் கொதிக்கவிடக் கூடாது. இந்தப் பொடிகளின் மணம் ஆவியோடு போய்விடுகிற எண்ணெயில் இருக்கிறது, ஐந்து நிமிடம் கொதித்தால் தெருவெல்லாம் மணக்கும், தட்டில் மணக்காது. ஓரத்தில் நுரை கட்டி நடுவுக்கு ஏறும் நேரம்தான் நேரம்.

அந்த நுரையில் மூன்றாவது பங்கு. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு, கரண்டியை அடிவரை விட்டு மண்டியோடு அள்ளுங்கள். குழைந்த சாதத்தில் பிசைந்து, நெய் விட்டு, தட்டிய மிளகில் பூண்டுத் துணுக்கு இல்லாமல் விரல் நுனியில் ஒட்டும் அளவு தூவுங்கள். ஒரு வாரம் அதை ஏற்றுக்கொண்டால் அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். இரண்டு வயதுக்குள் பெரியவர்கள் தட்டிலிருந்தே எடுத்துத் தின்னத் தொடங்கிவிடும். முழு மிளகு, கடுகு, கறிவேப்பிலை எதுவும் அந்தக் கிண்ணத்தில் இருக்கக் கூடாது, மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும்.

அதன் பிறகு பாத்திரம் உங்களுடையது. மிளகும் பூண்டும் தட்டியதை எல்லாம் போடுங்கள், மிச்ச உப்பைப் போடுங்கள், மறுபடி நுரைத்ததும் இறக்குங்கள். இரத்த அழுத்தம் உள்ள பெரியவர் இருந்தால் அவருக்கு மிச்ச உப்புக்கு முன்னாலேயே ஒரு கிண்ணம் எடுத்து, மிளகை மட்டும் தாராளமாகப் போடலாம். உறைப்பு கூடினால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. நெய்யில் கடுகு வெடித்து, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை பொரிந்ததும் கொட்டி உடனே மூடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் அந்த வாசனைக்கே மூக்கடைப்பு விலகும்.

பாலூட்டும் தாய்க்கு இந்தக் கடைசிப் பங்கே பொருந்தும். அவளுக்கென்று உப்புச் சப்பில்லாமல் தனியாக வைத்துச் சோதிக்க வேண்டியதில்லை. அவள் தட்டில் மண்டியும் விழட்டும், பருப்பு அவளுக்கும்தான் வேண்டும்.

கோழி சேர்த்தால்

அசைவ வீடுகளில் இதே உலையில் நாட்டுக்கோழி ரசம் வைக்கலாம். பருப்பைப் பாதியாக்கி, எலும்புள்ள கறி 300 கிராம், இஞ்சி ஒரு துண்டு, சின்ன வெங்காயம் பத்து சேர்த்து உப்பில்லாமல் வேகவையுங்கள். பரங்கிக்காய்க்குப் பதில் கேரட். கோழி சூப் என்றதும் எல்லாரும் குழந்தைக்கு நீரை வடித்துக் கொடுக்க ஓடுவார்கள், இங்கேயும் கதை அதேதான். புரதமும் இரும்பும் கறியில் நிற்கின்றன, நீரில் கொஞ்சம்தான் இறங்கும். வெந்த கறியை எலும்பிலிருந்து பிரித்து, நாரோட்டத்துக்குக் குறுக்காக மிகப் பொடியாக அரிந்து, பருப்போடு மசித்துக் கொடுங்கள். விரல்களால் இரண்டு முறை தடவிப் பாருங்கள், சிறு எலும்புச் சில்லு கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது.

சளிக்கு இது என்ன செய்யும்

1978இல் அமெரிக்காவில் செய்த ஒரு சிறு ஆய்வில், சூடான கோழி சூப் குடித்தவர்களுக்கு மூக்குச்சளி வேகமாக நகர்ந்தது தெரிந்தது. வெந்நீரும் ஓரளவு உதவியது, குளிர்ந்த நீர் எதிர்மாறாகச் செய்தது. ரசத்தின் ஆவியும் சூடும் காரமும் அதே வேலையைத்தான் செய்கின்றன. தொண்டைக்கு இதம், மூச்சுக்குக் கொஞ்சம் வழி, பசியில்லாத வாய்க்கு இரண்டு கவளம் சோறு. அதற்கு மேல் அது மருந்து அல்ல.

குழந்தைக்குச் சளி கண்டால் ரசத்தைவிட முன்னால் மூச்சை எண்ணுங்கள். அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பச்சிளம் குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும் மருத்துவமனைக்குப் போக வேண்டிய காரணம்.

சூடும் மிச்சமும்

தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் ரசப் பாத்திரம் தரையில் இறங்கக் கூடாது. பந்தி போல உட்கார்ந்து சாப்பிடும் வீடுகளில் இதுதான் பெரிய ஆபத்து, ரசத்தில் நெய் மிதப்பதால் சூடு அடங்கியது போலத் தெரியும், அடங்கியிருக்காது. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சூடான ரசத்தை ஆற்றிக் குடிக்கவும் வேண்டாம். தப்பித்தவறிக் கொட்டிவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு, மஞ்சள் எதுவும் வைக்காமல் சுத்தமான துணியால் லேசாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குழந்தையின் கிண்ணத்தை ஊட்டும் முன் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், சூடாகவும் தெரியக் கூடாது, குளிர்ச்சியாகவும் தெரியக் கூடாது.

குழந்தைக்கு மசித்ததில் எச்சில் ஸ்பூன் பட்டுவிட்டால் மிச்சத்தை நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள், எடுத்து வைக்காதீர்கள். மாலைக்கும் வேண்டும் என்றால் மசிப்பதற்கு முன்பே வேறு கிண்ணத்தில் பிரித்து, ஆறியதும் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, ஒரே ஒரு முறை கொதி வரும்வரை சூடாக்கி, ஆறவிட்டுக் கொடுங்கள். மழைநாளில் மின்சாரம் நின்று நின்று வந்தால் அந்தக் கிண்ணத்தை நம்ப வேண்டாம். பெரியவர்களின் ரசம் ராத்திரி வரை தாங்கும். அப்போது தெளிவெல்லாம் தீர்ந்து, அடியில் மண்டி மட்டும் கொஞ்சம் நிற்கும். எங்கள் வீட்டில் அதற்குப் போட்டி. அதில் ஒரு பிடி சோற்றைப் போட்டுப் பிசைந்து, பாத்திரத்தோடு வழித்து, ஒரு உருண்டை மூத்தவனுக்கு, ஒரு உருண்டை அத்தைக்கு.